அரக்குப் புடவையை மாம்பழ மஞ்சளாக்கினால் சேற்று நிறம் வருகிறது: படத்தில் புடவையின் உடல் நிறத்தை மட்டும் மாற்றுவது எப்படி?

தறிமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் ஓடுகின்றன. ஒரே அன்னப் புட்டாவை அரக்கு, பாட்டில் பச்சை, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து ஆகிய நான்கு உடல் நிறங்களில் நெய்கிறோம் (உடல் என்பது கரையும் முந்தியும் நீங்கலான பகுதி). கரையும் முந்தியும் நான்கிலும் கத்திரிப்பூ நிறம்தான். இப்போது அரக்குப் புடவை மட்டுமே கையில் இருக்கிறது. மற்றவை தறியிலிருந்து இறங்கியதும் வாங்குபவரிடம் போய்விடுகின்றன. ஆகவே என் தங்கை அரக்குப் புடவையை உடுத்திச் சன்னலோரம் நின்ற படத்தை வைத்தே மற்ற மூன்று நிறங்களையும் காட்ட விரும்புகிறேன்.

கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் 'ஹியூ-சாச்சுரேஷன்' சாளரத்தைத் திறந்து, முதல் நகர்த்தியை இழுத்துப் பார்த்தேன். பச்சைக்கு இழுத்தபோது சரிகை நீலம் பாய்ந்தது, தங்கையின் கையும் பச்சையானது. பச்சையே பாட்டில் பச்சையாக இல்லாமல் கண்ணைக் கூசும் பச்சையாக வந்தது. மஞ்சளுக்கு இழுத்தால் மழைக்காலத்துச் சேற்றின் நிறம் வருகிறது. 'கலரைஸ்' கட்டளையைப் பயன்படுத்தினால் மஞ்சள் வருகிறது, ஆனால் பட்டு போய் நெகிழித் தாள் போல ஆகிவிடுகிறது. நான் செய்யும் தவறு எது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

ஒளியளவை எழுதியது:

தறிமகள் அவர்களுக்கு, உங்கள் கேள்வியில் மூன்று சிக்கல்கள் கலந்திருக்கின்றன. சரிகையும் கையும் மாறியது தேர்வு செய்யும் முறையால் வந்த சிக்கல். அதை மற்றவர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். சேற்று நிறத்தைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலரும் தடுக்கி விழும் இடம் அதுதான்.

நீங்கள் இழுத்த நகர்த்தி நிறச்சாயலை மட்டும் ஒரு வட்டத்தில் சுழற்றுகிறது. வெளிச்ச அளவை அது தொடுவதில்லை என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அது தொடாமல் விடுவது கணக்கில் உள்ள ஓர் எண்ணை மட்டுமே, நம் கண் உணரும் வெளிச்சத்தை அன்று. உங்கள் அரக்குப் பகுதியின் ஒரு புள்ளியில், 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு 128, பச்சை 16, நீலம் 32 என்று வைத்துக்கொள்வோம். சாயல் வட்டத்தில் அதன் இடம் 351 பாகை. அதை மஞ்சளின் பகுதியில் உள்ள 50 பாகைக்குத் திருப்பினால் கிடைப்பது 128, 109, 16. இது மஞ்சளே அன்று. கருமையான மஞ்சள் என்று ஒரு நிறத்தை நம் கண் ஏற்பதில்லை. மஞ்சளின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அதைப் பழுப்பாகவோ பாசி நிறமாகவோதான் காண்கிறோம். நீங்கள் கண்ட சேறு அதுதான்.

சி.ஐ.இ. எனப்படும் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1976இல் வகுத்த 'லேப்' அளவுமுறை, கண் உணரும் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கிறது. மேலே சொன்ன அரக்கு அந்த அளவில் ஏறத்தாழ 27. நல்ல மாம்பழ மஞ்சள், எடுத்துக்காட்டாகச் சிவப்பு 235, பச்சை 175, நீலம் 30 என இருந்தால், ஏறத்தாழ 75. ஆகவே மஞ்சளுக்குப் போவது சாயலை மாற்றும் வேலை மட்டுமன்று. துணியின் வெளிச்சத்தையே 27இலிருந்து 75க்கு உயர்த்தும் வேலை.

பாட்டில் பச்சையில் நிலைமை வேறு. அதன் வெளிச்ச அளவு 29ஐ ஒட்டி இருக்கும், அரக்குக்கு மிக அருகில். எனவே சாயலை மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் பழைய நகர்த்தியால் மாற்றினால் 16, 128, 87 போன்ற ஒரு புள்ளி கிடைக்கிறது. அதன் வெளிச்சம் 47. உங்கள் கண் கூசியதற்குக் காரணம் இந்த உயர்வே. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே எண்ணைக் கொண்டிருந்தாலும் கண்ணுக்கு ஒரே வெளிச்சத்தைத் தருவதில்லை. நம் திரைகளின் பொது நிறத்தரத்தில் வெளிச்சத்துக்குச் சிவப்பு தரும் பங்கு 0.2126, பச்சை தரும் பங்கு 0.7152, நீலம் தரும் பங்கு 0.0722 மட்டுமே.

கிம்ப் 2.10 முதல் நிறங்கள் பட்டியலில் 'ஹியூ-குரோமா' என்றொரு கட்டளை இருக்கிறது. அது கண் உணரும் வெளிச்சத்தை நிலையாக வைத்துக்கொண்டு சாயலைத் திருப்புகிறது. பச்சைக்கு அதை முயன்று பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும். மஞ்சளுக்கு முதலில் 'கர்வ்ஸ்' கொண்டு துணியின் வெளிச்சத்தை உயர்த்திய பிறகே சாயலைத் தொட வேண்டும்.

படத்துளி எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் "புடவையை மஞ்சளாக்கு" என்று எழுதினால் சில நொடிகளில் செய்து தருகின்றனவே. அதை முயன்று பார்த்தீர்களா?

தறிமகள் எழுதியது:

முயன்று பார்த்தேன், படத்துளி அவர்களே. மஞ்சள் அழகாகவே வந்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது என் தந்தை தறியில் இறக்கிய அன்னம் அங்கே இல்லை. சில இடங்களில் அது மாங்காய்ப் புட்டாவைப் போலவும், சில இடங்களில் வெறும் பூவாகவும் மாறியிருந்தது. கரையோரத்துத் தாழம்பூ ரேகையின் பற்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. படத்தைப் பார்த்து வாங்குபவர் அந்த அன்னத்தைத்தான் எண்ணிப் பார்ப்பார். அதனால் அந்த வழியை விட்டுவிட்டேன்.

ஒளியளவை அவர்களுக்கு மிக்க நன்றி. 'ஹியூ-குரோமா'வில் பச்சை அமைதியாக வந்துவிட்டது. சரிகையைக் காப்பாற்றுவதுதான் இன்னும் கைவரவில்லை.

நூல்பிடி எழுதியது:

தேர்வைப் பற்றி நான் சொல்கிறேன். திருமணப் படத்தொகுப்பு வேலையில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் புடவைகளோடுதான் என் பொழுது கழிகிறது.

முதலில் மூல அடுக்கை நகலெடுத்து, நகலில் மட்டும் நிறத்தை மாற்றுங்கள். பின்பு அந்த நகலுக்கு ஒரு 'லேயர் மாஸ்க்' சேர்த்து, அதைக் கறுப்பால் நிரப்புங்கள். மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடத்தில் புதிய நிறம் தெரியும், கறுப்பு உள்ள இடத்தில் பழைய படமே தெரியும், சாம்பல் உள்ள இடத்தில் இரண்டும் கலந்து தெரியும். 2025 மார்ச்சில் வெளிவந்த கிம்ப் 3.0ஐப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நிறமாற்றத்தை அடுக்கின்மேல் திருத்தத்தக்க வடிகட்டியாகவே வைத்திருக்கலாம். மூன்று நாள் கழித்து வந்தும் எண்களை மாற்றலாம். பழைய பதிப்பு என்றால் பயன்படுத்திய எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உடலின் வெளி எல்லையைப் 'பாத்ஸ்' கருவியால் கையாலேயே வரையுங்கள். கையும் இடுப்பும் துணியும் சந்திக்கும் இடங்களில் எந்தத் தானியங்கித் தேர்வையும் நான் நம்புவதில்லை, ஏனெனில் நம் தோலின் சாயலும் அரக்கின் சாயலும் வட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். கோர்வைக் கரை உங்களுக்குத் தெரியாததன்று: உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடம் கத்தியால் வெட்டியது போன்ற நேர்கோடு அன்று. அங்கே தேர்வின் விளிம்பை அரைப் புள்ளி முதல் ஒரு புள்ளி வரை மென்மையாக்கினால் போதும். ஐந்து புள்ளி, பத்துப் புள்ளி என்று மென்மையாக்கினால் கரை நனைந்து சாயம் ஓடியது போல ஆகிவிடும்.

உள்ளே இருக்கும் சரிகைப் புட்டாக்களை ஒவ்வொன்றாக வரைவது நடவாத காரியம். 'செலக்ட் பை கலர்' கருவியின் அமைப்புகளில் எதைக் கொண்டு தேர்வு செய்வது என்னும் இடத்தில் சாயலைத் தேர்ந்தெடுங்கள். அரக்கு 350 பாகையை ஒட்டியும், சரிகை 40 முதல் 50 பாகைக்குள்ளும் இருப்பதால், வெளிச்சம் எப்படி ஏறி இறங்கினாலும் இரண்டும் பிரிந்துவிடும். அப்படித் தேர்ந்த சரிகையை மாஸ்க்கில் கறுப்பாக்குங்கள்.

அதன் பிறகும் ஒவ்வோர் அன்னத்தைச் சுற்றியும் மெல்லிய சிவப்புக் கோடு நிற்கும். அது உங்கள் தவறன்று. கைபேசி தரும் 'ஜேபெக்' படங்களில் பெரும்பாலும் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. சரிகையின் ஓரப் புள்ளி அரக்கோடு நிறத்தைப் பகிர்ந்துகொள்வதால் அங்கே எல்லை ஏற்கெனவே கலங்கியிருக்கிறது. கைபேசியிலோ கேமராவிலோ 'ரா' வடிவில் (கேமரா பதிவை 'ஜேபெக்' ஆக்காமல் அப்படியே வைக்கும் வடிவம்) படம் எடுக்க வழியிருந்தால் அப்படியே எடுங்கள். இல்லையென்றால் சரிகைத் தேர்வை ஒரு புள்ளி சுருக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்புக் கோடும் துணியின் புதிய நிறத்துக்குள் போய்விடும்.

வெண்சமன் எழுதியது:

நூல்பிடி சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் தொடக்கப் படத்தையே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. அரக்கிலிருந்து மஞ்சளுக்குப் போகாதீர்கள். சாதாரணப் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. அரக்கின் மடிப்பு நிழல்கள் அவற்றுள் அடிமட்டத்துச் சில படிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றை மஞ்சளின் வெளிச்சத்துக்கு உயர்த்தினால் அந்தச் சில படிகள் விரிந்து திட்டுத் திட்டாகத் தெரியும். இருட்டில் ஒளிந்திருந்த மணல் போன்ற புள்ளிகளும் மேலே வந்துவிடும்.

சந்தன நிறப் புடவை ஒன்று இருந்தால் அதைப் படமெடுத்து, அதன்மேல் வேண்டிய நிறத்தை நிரப்பிய அடுக்கை, கீழுள்ள படத்தோடு நிறத்தைப் பெருக்கிக் காட்டும் 'மல்டிப்ளை' முறையில் வையுங்கள். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு இறங்குவது எளிது. மடிப்பும் நிழலும் கெடாமல் வரும்.

ஒளியளவை எழுதியது:

வெண்சமன் சொல்வது பருத்திப் புடவைக்கும் சுவருக்கும் சட்டைக்கும் முழுமையாகப் பொருந்தும். வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கும் பொருளுக்கு அது ஒன்றே வழி என்றும் சொல்வேன், ஏனெனில் சாயலே இல்லாத இடத்தில் சாயலைத் திருப்பினால் எதுவும் நடக்காது. ஆனால் பட்டில் இரண்டு தடைகள் உள்ளன.

சந்தன நிறமும் சரிகையும் சாயலில் ஏறத்தாழ ஒன்றே. நூல்பிடி சொன்ன சாயல்வழித் தேர்வு அங்கே பயன்படாது. ஆயிரம் அன்னங்களையும் கையால் பிரிக்க வேண்டியிருக்கும். இது முதல் தடை.

இரண்டாவது தடை பளபளப்பு. பட்டு நூலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி விளக்கின் நிறத்தையே பெரிதும் கொண்டிருக்கும். நூலுக்குள் புகுந்து திரும்பும் ஒளிதான் சாயத்தின் நிறத்தைக் கொண்டிருக்கும். ஆகவே உண்மையான பச்சைப் பட்டின் மடிப்பு முகட்டில் தெரியும் மின்னல் ஏறத்தாழ வெண்மையாக இருக்கும். 'மல்டிப்ளை' அந்த மின்னலையும் பச்சையாக்கிவிடுகிறது. தறிமகள் 'கலரைஸ்' கட்டளையில் நெகிழித் தாளைக் கண்டதற்கும் காரணம் இதன் உறவினன்தான்: துணியின் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே சாயலும் ஒரே செறிவும் கிடைத்துவிடுகின்றன. எந்த முறையில் மாற்றினாலும், மிக ஒளிர்ந்த புள்ளிகளைத் தனியே தேர்ந்து, மாஸ்க்கில் அவற்றைப் பாதிச் சாம்பலாக்கி, பழைய மின்னலைத் திரும்ப எட்டிப்பார்க்க விடுங்கள். பட்டுக்கு உயிர் திரும்புவது அந்த இடத்தில்தான். சரிகையோ உலோகம், உலோகம் தன் மின்னலுக்கும் தன் நிறத்தைத் தருகிறது. அதனால்தான் சரிகையின் மின்னலைத் தொடாமல் விட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பாவும்ஊடையும் எழுதியது:

பிள்ளைகள் எல்லோரும் மிகப் பொறுப்பாக எழுதியிருக்கிறீர்கள். கணினி வேலை எனக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா தறிமகளே, மயில் கழுத்தை மட்டும் இந்த வழியில் செய்யாதே.

மயில் கழுத்து ஒரு நிறமன்று. பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் ஓடி, நீலமும் பச்சையுமாக இரண்டும் சேர்ந்து காட்டும் தோற்றம் அது. துணி நேராக விரிந்திருக்கும்போது ஒரு நிறம் மேலோங்கும்; மடிப்பில் திரும்பும்போது மற்றது மேலோங்கும். உன் அரக்கில் பாவும் ஊடையும் ஒரே சாயம் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தப் படத்தில் எந்த மடிப்பில் எந்த நூல் மேலே வரும் என்ற செய்தியே இல்லை. இல்லாத செய்தியைக் கணினி எங்கிருந்து எடுக்கும்?

இன்னொன்று. வாங்குபவர் படத்தை நம்பிப் பணம் அனுப்புகிறார். இணைய வணிகத்துக்காக 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவர் காட்டும் படம் பொருளின் உண்மைத் தோற்றத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கின்றன. விதி இல்லாவிட்டாலும் நமக்கு அது பொருந்தும். பெட்டியைத் திறந்த பெண் "நான் கேட்ட நிறம் இதுவன்று" என்று சொன்னால், வெட்கம் தறியில் உட்கார்ந்தவனுக்குத்தான்.

நூல்பிடி எழுதியது:

ஐயா சொல்வது முழுவதும் சரி. இரு நிறப் பட்டு ஏற்கெனவே படத்தில் இருந்தால் சாயலைத் திருப்பும்போது இரண்டு நிறங்களும் ஒரே அளவு பாகை நகர்ந்து, அவற்றின் இடைவெளி கெடாமல் வரும். ஒற்றை நிறப் பட்டிலிருந்து இரு நிறப் பட்டை உண்டாக்க முடியாது. மடிப்பு மடிப்பாகக் கையால் தீட்டலாம். ஆனால் அது ஓவியமாகும், படமாகாது.

தறிமகள் எழுதியது:

ஐயா, எங்கள் அரக்கில் பாவும் ஊடையும் ஒரே சாயம்தான். மயில் கழுத்தை இந்த முயற்சியிலிருந்து எடுத்துவிட்டேன்.

பச்சைப் புடவை இப்போது மிக நன்றாக இருக்கிறது. சரிகை சரிகையாகவே நிற்கிறது. ஆனாலும் படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் "ஏதோ ஒட்டவில்லை" என்கிறார்கள். எது என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வெண்சமன் எழுதியது:

உங்கள் தங்கையின் தாடைக்குக் கீழும், முந்தியைப் பிடித்திருக்கும் முன்கையின் உட்புறமும், பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரில் புடவையை ஒட்டிய பகுதியும் எப்படி இருக்கின்றன என்று பெரிதாக்கிப் பாருங்கள். சன்னல் ஒளி அரக்கில் பட்டு, சிவந்து, அந்த இடங்களில் விழுந்திருக்கும். புடவையைப் பச்சையாக்கிவிட்டீர்கள், அது வீசிய சிவப்பு மட்டும் தோலிலும் சுவரிலும் அப்படியே தங்கிவிட்டது. கண் இதைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்காது, ஆனால் உணர்ந்துவிடும்.

புதிய வெற்று அடுக்கு ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே சேர்த்து, அதன் கலப்பு முறையை 'எல்சிஎச் கலர்' என்று மாற்றுங்கள். சிவப்பு படாத தோள்பட்டையிலிருந்து தோல் நிறத்தை எடுத்து, மென்மையான தூரிகையால் 10 முதல் 15 விழுக்காடு அடர்த்தியில் தாடைக்குக் கீழே மெல்ல மெல்லத் தீட்டுங்கள். இந்த முறை வெளிச்சத்தைத் தொடாது என்பதால் நிழல் நிழலாகவே இருக்கும். சுவருக்குச் சுவரின் வேறிடத்திலிருந்து நிறம் எடுங்கள். சிவப்பை நீக்கினால் போதும். பச்சை ஒளியைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். தோலில் பச்சை சிறிது கூடினாலும் நோயாளியைப் போலத் தோன்றிவிடும்.

ஒளியளவை எழுதியது:

பாவும்ஊடையும் ஐயா சொன்ன நம்பிக்கைக்கு இன்னும் ஒரு படி செய்ய வேண்டியிருக்கிறது. இதுவரை நாம் பச்சையை நினைவிலிருந்தே கலந்திருக்கிறோம். உங்கள் வீட்டில் அந்தச் சாயமிட்ட பட்டு நூல் மிச்சம் இருக்குமல்லவா? பச்சை நூல் கற்றையையும் மஞ்சள் நூல் கற்றையையும் அதே சன்னலோரத்தில், அதே நேரத்தில், நடுநிலைச் சாம்பல் அட்டை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். அட்டை சாம்பலாகத் தெரியும்படி வெண்சமநிலையைச் சரிசெய்த பிறகு, நிறமெடுக்கும் கருவியில் சராசரி எடுக்கும் வசதியை இயக்கி, கற்றையின் நடுப்பகுதியைத் தொட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் புடவையின் நேர்முகமான, மின்னலும் நிழலும் இல்லாத பகுதி அந்த எண்களை ஒட்டி வரவேண்டும். நெய்த துணியும் கற்றையும் ஒளியைத் திருப்பும் விதம் வேறு என்பதால் எண்கள் அச்சாகப் பொருந்தா. அருகில் வந்தால் போதும்.

முடித்த படத்தை ஏற்றும்போது திரைகளின் பொதுத் தரமாகிய 'எஸ்ஆர்ஜிபி' நிறத்தரத்துக்கு மாற்றியே ஏற்றுங்கள். 2016க்குப் பிந்தைய ஐபோன்கள் போன்ற பல கைபேசிகள் அதைவிட விரிந்த 'டிஸ்ப்ளே பி3' என்னும் நிறவெளியில் படமெடுக்கின்றன. எந்த நிறவெளி என்று படத்தோடு வரும் குறிப்பு வழியில் உதிர்ந்துபோனால் பார்ப்பவரின் திரையில் நிறங்கள் வெளிறித் தெரியும்.

தறிமகள் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சை முடிந்தது. தாடையின் கீழிருந்த சிவப்பு போனதும் "ஒட்டவில்லை" என்ற பேச்சே நின்றுவிட்டது. நூல் கற்றையை வைத்துப் பார்த்தபோது என் பச்சை உண்மைச் சாயத்தைவிட நீலம் கூடியிருந்தது தெரிந்தது. 'ஹியூ-குரோமா'வில் ஆறு பாகை திருப்பினேன்.

மஞ்சளை அரக்கிலிருந்து மூன்று முறை முயன்றேன். வெண்சமன் எச்சரித்தபடியே மடிப்புகளில் மணல் தெரிந்தது. பிறகு சென்ற மாதம் மஞ்சள் வாங்கிய உறவினர் வீட்டுக்கு என் தங்கையை அழைத்துச் சென்று, அதே புடவையை உடுத்தி, காலை ஒளியில் படமெடுத்துக்கொண்டு வந்தேன். அதில் நிறத்தைத் தொடவே இல்லை. வெண்சமநிலையை மட்டும் சரிசெய்தேன்.

பச்சைப் படத்தின் கீழே "இதன் உடல் நிறம் கணினியில் மாற்றப்பட்டது, நூலின் உண்மை நிறம் பக்கத்துப் படத்தில்" என்று எழுதி, நூல் கற்றையின் படத்தையும் சேர்த்திருக்கிறேன். மயில் கழுத்து வரும் வெள்ளிக்கிழமை தறியிலிருந்து இறங்குகிறது. ஒரு நாள் கழித்து அனுப்புவதாக வாங்குபவரிடம் கேட்டு இசைவு வாங்கிவிட்டேன்.

பாவும்ஊடையும் எழுதியது:

நல்லது அம்மா. மயில் கழுத்தைப் படமெடுக்கும்போது முந்தியை ஒரு கை நேராகப் பிடிக்கட்டும், மற்றொரு கை சற்றே திருப்பிப் பிடிக்கட்டும். பாவும் ஊடையும் இரண்டும் ஒரே படத்தில் தெரியும்.